அப்பா போய் நாலு மாதம்: அம்மாவுக்குத் துணை எங்கே கிடைக்கும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். அப்பா கடலூர் சிப்காட்டில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர். 53 வயதில் மாரடைப்பு, நாலு மாதம் ஆகிறது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் இப்போது 48 வயது அம்மாவும், அப்பாவைப் பெற்ற ஆயாவும்தான். தங்கை சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், நீங்கள் பெங்களூரில். அம்மா வாசலைத் தாண்டுவதில்லை. கேட்டால் "எனக்கு வெளியில என்ன வேலை" என்கிறார். ஒரு வருஷம் எங்கேயும் போகக்கூடாது என்று சொந்தக்காரர்கள் வேறு. கடலூரிலோ பாண்டிச்சேரியிலோ இவர்களுக்கென்று ஏதாவது குழு, கவுன்சலிங் உண்டா, இல்லை பேசாமல் அம்மாவைப் பெங்களூருக்கே அழைத்துப் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

பெங்களூர் இப்போது வேண்டாம் தம்பி. பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போகட்டும், அது வேறு. வீட்டைப் பூட்டிவிட்டு ஒரேயடியாகப் போனால் பகலெல்லாம் நீங்கள் ஆபீசில், அவர் பாஷை தெரியாத ஊரில் டி.வி. முன்னால். இங்கே பால்காரருக்கும் மாவு அரைக்கிற கடைக்காரருக்கும் அவரைத் தெரியும். நாலு நாள் கண்ணில் படவில்லை என்றால் கேட்க ஆள் இருக்கிறது. ஆயாவை எங்கே விடுவீர்கள் என்பது இன்னொரு கேள்வி. வீட்டை விற்பது, பெரிய தொகையைக் கைமாற்றாகக் கொடுப்பது, எல்லாவற்றையும் ஒரு வருஷமாவது தள்ளிப் போடுங்கள். பி.எஃப். பணம் வந்த சேதி எப்படியோ ஊருக்குள் பரவிவிடும், காணாமல் போன உறவெல்லாம் அந்த மாதம் வீடு தேடி வரும்.

நான் ஒரு வங்கியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். கடைசிப் பல வருஷங்கள், இறந்துபோனவர்களின் கணக்கை முடித்துக் கொடுக்கும் மேசை என்னுடையதுதான். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால் அந்த மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்: அம்மாவை வெளியே கொண்டுவர உங்களிடம் இப்போது இருக்கும் நல்ல வழி, அப்பாவின் பேப்பர் வேலைகள். அவற்றை நீங்கள் செய்து முடித்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் பாசத்தில் என்ன செய்கிறார்கள் என்றால், "நீ சும்மா இரும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று எல்லாப் படிவத்தையும் தாங்களே நிரப்பி, அம்மாவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். வேலை சீக்கிரம் முடியும். அந்த அம்மாவுக்கோ, இனி தன்னால் ஆகக்கூடிய காரியம் எதுவும் இல்லை என்று உறுதியாகிவிடும். தானே வந்து நின்ற பெண்கள் வேறு மாதிரி. முதல் தடவை பேச்சே வராது. கூட வந்தவர்தான் பதில் சொல்வார். இரண்டாம் தடவை, "ஆதார் ஜெராக்ஸ் எத்தனை வேணும்" என்று அவரே கேட்பார். அதற்கடுத்த தடவை, ஏன் இன்னும் பணம் ஏறவில்லை என்று சண்டைக்கு வருவார். எனக்கு அந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும்.

ஒரு அம்மா படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு, "இனிஷியல் அவரோடதையே போடலாமா மேடம்" என்று கேட்டார். போடலாம் என்றேன். கணவர் போனதால் கையெழுத்தோ பெயரோ மாறுவதில்லை. அந்தக் கேள்வியை வீட்டில் அவர் யாரிடமும் கேட்டிருக்க முடியாது.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கோயிலுக்குப் போகலாமா, கல்யாணத்துக்குப் போகலாமா என்று ஆயிரம் சட்டம் பேசுகிற பெரியம்மாக்கள், பேங்குக்குப் போகலாமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். தாலுகா ஆபீசுக்கும் அப்படியே. காசு விஷயம் என்றால் சாஸ்திரம் ஒதுங்கி நிற்கும். அம்மாவுக்கு வெளியே என்ன வேலை என்பதற்கு இப்போதைக்கு இதுதான் பதில்.

சரி, என்னென்ன வேலை? இறப்புச் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள். அதில் அப்பா பெயர் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் தாத்தா பெயர் முழுசாக, பான் கார்டில் ஒரு எழுத்து கூடுதல். பாதி அலைச்சல் இதில்தான் வருகிறது. தப்பு இருந்தால் மாநகராட்சியில் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள், அதை வைத்து மற்றவற்றுக்கு விண்ணப்பித்த பிறகு திருத்துவது இரட்டை வேலை.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று போய்த் தாசில்தாரிடம் முடியும். விசாரணைக்குக் கூப்பிடும்போது அம்மாவே போகட்டும். இதில் ஆயா பெயரும் வரவேண்டும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசுதான். "அவங்க எதுக்கு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த கிழவியின் பெயரை லிஸ்டிலிருந்து எடுப்பது வீட்டுக்குள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

கம்பெனி விஷயத்தில்தான் பெரிய தொகை இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே இறந்ததால் மூன்று தனித்தனி பணம் உண்டு: சேமிப்பாக இருக்கும் பி.எஃப்., அம்மாவுக்கு மாதப் பென்ஷன், அப்புறம் இ.டி.எல்.ஐ. என்கிற காப்பீடு. இந்தக் கடைசியைப் பலபேர் விட்டுவிடுகிறார்கள். சம்பளத்தைப் பொறுத்து அது 7 லட்சம் வரை வரும். படிவங்கள் முறையே 20, 10-டி, 5-ஐ.எஃப்., கம்பெனி கையெழுத்தோடு போகவேண்டும். பென்ஷனில் தங்கைக்கும் பங்கு இருக்கிறது. 25 வயது முடியாத பிள்ளைகளுக்கு, இரண்டு பேர் வரை, அம்மாவின் பென்ஷனில் கால்பங்கு தனியாக வரும். கிராஜுவிட்டியையும் கேளுங்கள். ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இறந்தவர்களுக்குக் கிடையாது.

பேங்கில் நாமினி யார் என்று பாருங்கள். நாமினி பதிவாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவா என்று பேங்க் கேட்கக்கூடாது, பேப்பர் எல்லாம் கொடுத்து 15 நாளுக்குள் முடிக்கவேண்டும். ரிசர்வ் வங்கியின் விதி அது. நாமினி என்றால் முழுப் பணமும் அவருக்கே என்று அர்த்தமில்லை, வாரிசுகளுக்காக வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான். அப்புறம் அப்பாவின் பாஸ்புக்கை அம்மாவோடு உட்கார்ந்து மே மாதப் பக்கமாகப் புரட்டுங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 55 வயது வரை, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். கூடவே பிடிக்கும் 20 ரூபாய் விபத்துக்கு மட்டும், உங்களுக்குப் பொருந்தாது. 436 பிடித்தது தெரியாமலே போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் ஏ.டி.எம். கார்டைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள், நாளைக்கு வாரிசுகளுக்குள் ஒரு பேச்சு வந்தால் பதில் சொல்ல முடியாது. சிம்மை மட்டும் நிறுத்தவே வேண்டாம். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும், மாதாமாதம் ரீசார்ஜ் போட்டு வையுங்கள். கேஸ், கரண்ட், ரேஷன் கார்டு பெயர் மாற்றமெல்லாம் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் இந்த அளவுக்காவது இருக்கிறது. பி.எஃப். இல்லாத, கூலி வேலைக்குப் போனவர் இறந்த வீடுகளுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும் விண்ணப்பம் அது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பத்தில் சம்பாதிப்பவர் 60 வயதுக்குள் இறந்தால் தேசிய குடும்ப நல உதவியாக 20,000. கட்டட வேலை, மீன்பிடி மாதிரி தொழில்களுக்கு நல வாரியம் இருக்கிறது, கார்டு இருந்தால் அங்கேயும் கேட்கவேண்டும். சமூக நலத்துறையில் கைம்பெண்களுக்குத் தையல் மெஷின் கிடைக்கும். எதிலாவது இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பாண்டிச்சேரிப் பக்கம் குடியிருப்பு என்றால் திட்டங்கள் அந்த அரசோடது, தொகையும் வேறு, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையில் கேட்கவேண்டும். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர் வீடு என்றால் அது தனிக் கதை, அங்குள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில்தான் ஆரம்பிக்கவேண்டும்.

பணம் பேசியது போதும். குழு உண்டா என்று கேட்டீர்கள். வாரம் ஒருநாள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற குழுவைத் தேடி அலைவதைவிட, இருக்கிறதை வைத்து ஆரம்பியுங்கள் என்பேன். 14416 என்று ஒரு நம்பர், டெலி-மானஸ். மத்திய அரசு 2022-இல் ஆரம்பித்தது. காசு இல்லை, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் நீங்களே கூப்பிட்டு, அம்மாவிடம் எப்படிப் பேச என்று கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா கையில் போனைக் கொடுத்து "பேசு" என்றால் பேச மாட்டார். நேரில் என்றால் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. பஸ்ஸில் பாண்டிச்சேரி ஒரு மணி நேரப் பயணம்தான். "பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரா" என்று ஆயா கேட்பார். தூக்கம் வராததற்குப் பார்க்கிறவர் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

எல்லாருக்கும் டாக்டர் தேவையில்லை. துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று படித்திருப்பீர்கள். அது எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-இல், சாகப்போகும் நோயாளிகளைப் பார்த்துச் சொன்னது. பறிகொடுத்தவர்கள் அப்படிப் படிப்படியாக ஏறி இறங்குவதில்லை. நெதர்லாந்தில் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னதுதான் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: கொஞ்ச நேரம் இழப்பில் இருப்பார்கள், கொஞ்ச நேரம் அன்றாடக் காரியத்தில், இரண்டுக்கும் நடுவே போய்ப்போய் வருவார்கள். காலையில் சீரியல் பார்த்துச் சிரித்த அம்மா மத்தியானம் சட்டையை முகர்ந்து அழுதால் இரண்டுமே சரிதான். சிரித்ததைப் பார்த்து "தேறிட்டாங்க" என்றோ, அழுததைப் பார்த்து "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா" என்றோ சொல்லாமல் இருந்தால் போதும். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்ட மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னால் பயப்பட வேண்டாம், நிறையப் பேருக்குக் கேட்கும்.

பயப்பட வேண்டியது வேறு. சாப்பாடு இறங்காமல் உடம்பு இளைத்துக்கொண்டே போவது. பி.பி., சுகர் மாத்திரையை நிறுத்திவிடுவது, இதை அடுத்த வீடியோ காலிலேயே மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். துணையை இழந்த முதல் சில மாதங்களில் மற்றவர் உடம்பும் கெடும் ஆபத்து அதிகம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். "அவரோடவே போயிருக்கலாம்" என்று ஒருதடவை சொல்வது வேறு, அதையே திரும்பத் திரும்பச் சொல்வது, நகையையும் பத்திரத்தையும் பிரித்துக் கொடுக்க ஆரம்பிப்பது வேறு. அப்படி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்காகவே சென்னையில் 1986 முதல் இருக்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. வருஷம் ஒன்று தாண்டியும் முதல் வாரம் போலவே முடங்கிக் கிடந்தால், அதையும் மருத்துவர்கள் இப்போது சிகிச்சை தேவைப்படும் நிலையாகவே பார்க்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது.

துணை என்று ஒரே ஆளைத் தேடாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு கொள்ளாத கூட்டம், பதினேழாம் நாள் இரண்டு பெண்கள் மட்டும். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களைத்தான் பிரித்துக் கூப்பிடவேண்டும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று போனவர்களிடம் உண்மையாகவே சொல்லுங்கள். தாலுகா ஆபீசுக்கு மாமா கூடப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து சமைத்துச் சாப்பிட்டுப் போகட்டும், கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவதில் பயனில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருக்க ஒருத்தர் வேண்டும், பெரும்பாலும் அது சொந்தமாக இருக்காது. தானும் புருஷனைப் பறிகொடுத்து நாலைந்து வருஷம் கடந்த ஒரு பெண் அந்தத் தெருவிலேயே இருப்பார். அவரைத் தேடிப் பிடித்தால் நீங்கள் கேட்ட குழு அதுதான்.

எந்த நேரத்தில் துணை வேண்டும் என்பதையும் பாருங்கள். சிப்காட் குடும்பங்களில் நான் கவனித்தது, கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கிற நேரம். அதே பஸ், அதே நேரம், பக்கத்து வீட்டுக்காரர் டிபன் பையோடு இறங்கி வருவார். உங்கள் அம்மா அந்த நேரத்துக்கு டீ போட்டுப் பழகியவர். போன் பண்ணுவதாக இருந்தால் அப்போது பண்ணுங்கள். ராத்திரி பத்து மணிக்கு, வேலை முடிந்து நீங்கள் களைத்துப்போய்ப் பண்ணுகிற போன் யாருக்கும் பிரயோஜனமில்லை.

சொந்தக்காரர்களின் "ஒரு வருஷம்" பற்றி என் கருத்து கடுமையானது. திதி, காரியம் இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன், மனசு ஆறுகிறவர்கள் செய்யட்டும். கணவர் போனபின் இத்தா என்று வீட்டோடு இருக்கும் முஸ்லிம் குடும்பங்களில்கூட நாலு மாதம் பத்து நாள் என்று ஒரு கணக்கு உண்டு. நம் வீடுகளில் அடைத்துப் போடுவதற்குக் கணக்கே இல்லை. ஒரு வருஷம் என்று ஆரம்பித்து, பூ இல்லை, பொட்டு இல்லை, நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று ஆயுசுக்கும் இழுக்கிறார்கள். இதைப் பேசிப்பேசிப் பெரியார் காலத்திலிருந்தே அலுத்துவிட்டது, இன்னும் பதினாறாம் நாள் நடுவீட்டில் வளையலை உடைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பூ கொடுக்கும் பூக்காரம்மா, அதுவரை "முழம் போடவா" என்று குரல் கொடுத்துக்கொண்டு போனவர், இந்த வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்துவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவருக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எனக்கு நடந்தபோது நானே வாசலுக்குப் போய் சாமிக்கு ஒரு முழம், எனக்கு ஒரு முழம் என்று கேட்டு வாங்கினேன். அவர் முகம் மலர்ந்துபோனது. அம்மா அப்படிச் செய்யவேண்டும் என்றில்லை. பூ வைக்கவும், வேண்டாம் என்று இருக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. யாரும் அவருக்காக முடிவு செய்யக்கூடாது, நீங்கள் உள்பட. முற்போக்காக இருக்கிறேன் என்று மூன்றாம் மாதமே பட்டுப்புடவையும் பூவும் வாங்கி நீட்டுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதுவும் ஒரு கட்டாயம்தான். பாடலீஸ்வரர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் கூட்டமில்லாத நேரத்தில் தங்கை கூட்டிப்போகட்டும், பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

தடுப்பவர்களிடம் நீங்கள் போய்ச் சண்டை போடாதீர்கள். உங்கள் வீட்டில் வாயைத் திறக்கவேண்டியவர் ஆயா. "என் மருமக போவா வருவா, உனக்கென்ன" என்று மகனை இழந்த தாய் ஒரு வார்த்தை சொன்னால் தெருவே அடங்கிவிடும். அவர் அதைச் சொல்லவேண்டும் என்றால் முதலில் அவரிடம் யாராவது துக்கம் விசாரிக்கவேண்டும். வருகிறவர்கள் எல்லாம் அம்மா கையைப் பிடித்து அழுகிறார்கள், கிழவி மூலையில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஏற்கெனவே புகைச்சல் இருந்திருக்கலாம், எந்த வீட்டில் இல்லை. நீங்கள் போன் பண்ணும்போது ஆயாவோடு தனியாகப் பத்து நிமிஷம் பேசுங்கள். அப்பா சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று கேளுங்கள், அம்மாவும் அங்கே இருந்தால் கேட்டுக்கொண்டிருப்பார்.

தீபாவளி, பொங்கல், கல்யாண நாள், வருஷத் திதி, இந்த நாட்கள் திடீரென்று வந்து நிற்பதுபோல் இருக்கும், முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் தீபாவளி கொண்டாட மாட்டீர்கள், சரி. ஆனால் அன்றைக்கு நீங்களும் தங்கையும் வீட்டில் இருக்கவேண்டும். தை அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்கப் போனால் அம்மாவையும் ஆயாவையும் கூட்டிப்போங்கள். பெண்கள் வரக்கூடாது என்று அங்கே யாரும் விரட்டப்போவதில்லை, நிறையப் பேர் குடும்பமாகவே வந்திருப்பார்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். இரண்டு நாள் லீவு போட்டு, வேலை நாளாகப் பார்த்து வாருங்கள். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இறப்புச் சான்றிதழ், அப்பாவின் ஆதார், பான், பி.எஃப். நம்பர் இருக்கும் சம்பளச் சீட்டு, அம்மாவின் ஆதார், தங்கையின் பிறப்புச் சான்றிதழ், அம்மா பெயரில் மட்டும் இருக்கும் கணக்கின் பாஸ்புக், ஆளுக்கு நாலு போட்டோ எடுத்து வையுங்கள். அம்மாவுக்குத் தனிக் கணக்கு இல்லையென்றால் முதல் நாள் வேலை அதைத் திறப்பதுதான், பென்ஷன் அதில்தான் வரவேண்டும். கம்பெனிக்கும் பேங்குக்கும் நீங்கள் கூடப் போங்கள். ஃபைல் அம்மா கையில் இருக்கட்டும். கவுண்டரில் கேட்கிற கேள்விக்கு அவர் வாயைத் திறக்க அரை நிமிஷம் ஆகும், நீங்கள் பதில் சொல்லாமல் நில்லுங்கள்.